குன்றின்மேல் நின்ற கணிதர்

கஜினி முகமதுவின் படையெடுப்புகளை வரிசை பிறழாமல் ஒப்புவிக்கும் நம் மாணவர்களுக்கு, அவ்வரசவையைச் சார்ந்து பாரதம் வந்து, சம்ஸ்கிருதம் பயின்று, பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்த அல்பிருனியை வெறும் யாத்திரிகராக மாத்திரம் அறிமுகம் செய்வது, என் அபிப்பிராயத்தில், பெரிய அநீதியாகும். 973-இல் குவாரசம் நாட்டில் பிறந்த அம்மகாபண்டிதர், பஞ்சாபின் நந்தனா கோட்டையருகே ஒரு குன்றின் உயரத்தைச் சமவெளியிலிருந்து இரு கோணங்களால் கணித்து, பின் அதன் உச்சியேறி, தொடுவானம் கிடைமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தாழ்ந்து தோன்றுகிறதென்று அளந்தார். கிடைத்தது 34 கலை. ஒரு பாகையில் பாதிக்குச் சற்றே அதிகம்! பூமியின் அளவை அறிய முன்னர் மாமூன் கலீபாவின் ஆட்கள் பாலைவெளியில் நடந்து நடந்து அளந்த பிரயாசை எதுவுமின்றி, அந்த அற்பக் கோணத்தையும் குன்றின் உயரத்தையும் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டுவிட்டார்.