ஊர் கேட்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பிளஸ் ஒன் படிக்கும் மகளை நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு அனுப்பிய தகப்பன் எழுதுகிறேன்.

காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய திட்டம் இது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரத் தொண்டு, ஊரோடு தங்கி ஏழு நாள் முகாம் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கல்வராயன் மலையடிவாரத்தில் நடந்த அந்த முகாமில் பிள்ளைகள் கோயில் வளாகம் கூட்டினார்கள், மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள். நிறைவு விழாவில் பொன்னாடை, புகைப்படம். இதில் ஊரார் கேட்டு நடந்தது எதுவுமில்லை.

கேட்டவர் ஒரே ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகை மனு தள்ளுபடியான தாளைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து, “பாப்பா, இதுல என்னதான் எழுதியிருக்குது?” என்று நீட்டினார். மகள் படித்துக் காட்டி, எந்தச் சான்று குறைகிறது என்று விளக்கி, மறுமனு எழுதிக் கொடுத்தாள். அரை மணி நேரம் பிடித்தது. முகாம் அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

மனு எழுத ஆள் வேண்டியிருப்பது அந்தப் பாட்டிக்கு மட்டுமல்ல. மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடியினருக்குச் சாதிச் சான்று கோட்டாட்சியர் கையொப்பமிட்டு வர வேண்டும். அது இல்லாமல் கல்வி உதவித்தொகையோ கல்லூரி இட ஒதுக்கீடோ நகராது. மலையிறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மனுவில் பிழையென்றால் இன்னொரு நாளும் போச்சு.

மலைக்குக் கீழே, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெற்றவர்களைப் பறிகொடுத்த தெருவுக்கு மதுவின் தீமையை ஊர்வலம் வந்து சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லித்தர ஓர் அக்காவோ அண்ணனோ வேண்டும். இது புது வழியல்ல. தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் 2021-இல் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இது: ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஊராரே வேலைப் பட்டியல் தரட்டும். காலாண்டு விடுமுறை முகாமில் பிள்ளைகள் அதைச் செய்யட்டும். மலையூர்களில் உண்டு உறைவிடப் பள்ளி மாணவர்களே முன்னின்று நடத்தட்டும். அவர்களுக்கு ஊரும் தெரியும், யார் வீட்டில் என்ன குறை என்றும் தெரியும். ஆதார், வங்கி விவரங்கள் பிள்ளைகள் கைக்குப் போகாதபடி ஆசிரியரும் கிராம நிர்வாக அலுவலரும் உடனிருக்கட்டும்.

நிறைவு விழா வேண்டாம். அக்டோபர் 2 கிராம சபையில் பிள்ளைகள் எழுந்து நின்று, எத்தனை மனு எழுதினோம், எது இன்னும் எந்த மேசையில் கிடக்கிறது என்று வாசிக்கட்டும். பதில் சொல்ல அதிகாரிகளையும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தகப்பன்