இடையில் நின்ற துபாஷி

நமக்கு அறிமுகமான புத்தகக் கடைக்காரர் ஒருவர் உளர். பள்ளித் தவணை தொடங்கும் வேளையில் அவரிடம் கடனுக்குக் கொப்பி, புத்தகம் வாங்காத குடும்பங்கள் எமது வட்டாரத்தில் மிகச் சில. கடன் விபரம் யாவும் அவரது கணனியிலேயே இருந்தன. 2019ஆம் ஆண்டிலே பழைய கணனி பழுதுறவே, புதியதொன்று வாங்கினார். கணக்குகள் யாவும் பத்திரமாக அதனுள் வந்து சேர்ந்தன. ஆயினும், கணக்கு மென்பொருள் அவற்றைத் திறந்து காட்டாது கைவிரித்துவிட்டது.

வாசகருள் மாணவர் பலராதலின் சற்று விளக்குவோம். கணக்கெழுதும் மென்பொருள் வேறு. கணக்கைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் வேறு. இவ்விரண்டுக்கும் இடையில் துபாஷி போல ஒரு சிறு மென்பொருள் நிற்கின்றது. தொழில் வழக்கில் இதனைக் 'கனெக்ரர்' என்றும் 'டிரைவர்' என்றும் கூறுவர். 1992இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஓ.டி.பி.சி. என்னும் பொதுமுறையை வெளியிட்டது. அதன்பின், மூன்றாந் தரப்பினரும் இத்தகைய துபாஷிகளை ஆக்கி விற்பது எளிதாயிற்று. நன்மைதான். ஆனால் விற்றவர் கடையை மூடிவிட்டால், துபாஷிக்குப் புதுச்சொல் கற்பிப்பார் எவருமிலர்.

நண்பருக்கு நேர்ந்ததும் அதுவே. அவரது தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். 2018 ஏப்ரலில் பொதுப் பாவனைக்கு வந்த அதன் 8.0 பதிப்பு, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வழமையான முறையை மாற்றியது. பழைய முறை ஷா-1 என்னும் வலுவிழந்த கணிப்பைச் சார்ந்தது. புதியது ஷா-256ஐச் சார்ந்தது. மாற்றத்திலே குற்றங் காண்பதற்கில்லை. நண்பரது கனெக்ரரோ பழைய முறையை மட்டுமே அறியும். பயனர் பக்கத்து மென்பொருளைப் புதுப்பிக்குமாறு திரையிலே ஒரு செய்தி தோன்றிற்று. எங்ஙனம் புதுப்பிப்பது? அதனை ஆக்கிய நிறுவனம் வியாபாரத்தைக் கைவிட்டுப் பல காலமாகிவிட்டது. கணக்கு மென்பொருளை எழுதிய இளைஞரோ, "கனெக்ரர் என்னுடையதன்று, ஐயா" என்று விலகிக்கொண்டார். காசு கொடுத்தவர் நண்பர், பொறுப்பேற்பவர் ஒருவருமில்லை.

நான்கு நாட்கள் சீ.ஆர். கொப்பியிலே கணக்கெழுதினார். யார் எவ்வளவு தரவேண்டுமென்பது தெரியாமையால், வந்தவர் சொன்னதையே நம்பினார். ஐந்தாம் நாள் திருத்த வந்தவர், தரவுத்தளத்தையே பழைய முறைக்கு இறக்கிவிட்டார். திறப்பு பழையதென்று பூட்டையும் பழையதாக்கிய கதைதான்! பலருஞ் செய்த காரியம் அது. நாமும் அன்று தலையசைத்தோம். அதையிட்டு நாம் பின்னர் வெட்கப்பட நேர்ந்தது.

ஏனெனில், 2024 ஏப்ரலில் வந்த 8.4 பதிப்பிலே பழைய முறை, நாமாக இயக்கினாலன்றி இயங்காது. அதே ஆண்டு ஜூலையில் வந்த 9.0 பதிப்பிலே அது அடியோடு நீக்கப்பட்டது. நண்பரின் மருமகன் நல்லெண்ணத்தோடு 8.4ஐ நிறுவ, கதவு மறுபடியும் அடைத்துக்கொண்டது.

இம்முறை முன்வந்தவள் உயர்தர வகுப்பிலே பயிலும் அவரது மகள். "அப்பா, கணக்கு பழுதாகவில்லை, நடுவிலே நிற்பதுதான் பழுது" என்றாள். தரவுத்தளத்தோடு கூடவே வரும் மைஎஸ்கியூஎல்டம்ப் என்னும் கருவிக்கு அந்தத் துபாஷியின் தயவு வேண்டியதில்லை. அதனைக் கொண்டு முழுக் கணக்கையும் எவரும் வாசிக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கிக்கொண்டாள். மாதந்தோறும் இவ்வாறு ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால் 2019இலே நாலு நாள் அலைச்சல் இருந்திராது. பின்னர் அவள் இளைஞரிடம் மூலநிரலைக் கேட்டு வாங்கி, மைஎஸ்கியூஎல்காரரே வெளியிடும் கனெக்ரரை அதிலே பொருத்தலானாள். அவ்வேலைக்கு மூன்று வாரம் பிடித்தது.

அதற்கிடையில், கோப்பிலிருந்த கடன்காரர் பெயர்களை அவள் வாசிக்க, நண்பர் கொப்பியிலே குறித்துக்கொண்டார். நாமும் அருகிலே அமர்ந்து உற்சாகமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். திடீரென அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு எம்மைப் பார்த்தாள். "மாமா, 2017இலே இரண்டு அகராதி வாங்கியிருக்கிறீர்கள்."