பெயர்ப் பலகை ஒன்று, ருசி வேறு!

சீனாவில் எந்தப் பெரிய நகரத்துக்குப் போனாலும் ஒரு பெயர்ப் பலகை கண்ணில் படும். "லாஞ்சோ லாமியான்" என்று அதில் எழுதி இருக்கும்.

லாமியான் என்றால், கையால் இழுத்துச் செய்யும் நூடுல்ஸ். லாஞ்சோ என்பது ஒரு நகரம். மஞ்சள் ஆற்றின் கரையில் இருக்கிறது. கான்சு மாகாணத்தின் தலைநகரம் அது தான்.

பலகை ஒன்று தான். ஆனால் ருசி ஒன்று அல்ல. ஒரு கடையில் சாறு தெளிவாக இருக்கும். மறு கடையில் கலங்கி இருக்கும். ஓரிடத்தில் இழை நூல் போல் நீளும். வேறிடத்தில் குழைந்து போகும்.

ஏன் இப்படி?

ஐந்து அடையாளம்

லாஞ்சோவில் இதை "மாட்டு இறைச்சி நூடுல்ஸ்" என்று தான் சொல்லுவார்கள். 1915-ம் ஆண்டில் மா பாவோஸி என்ற முஸ்லிம் வியாபாரி விற்றதில் இருந்து இதன் புகழ் தொடங்கியது என்பது அந்த ஊர்க்காரர்களின் பேச்சு.

இதற்கு ஐந்து அடையாளம் உண்டு. சாறு தெளிவாக இருக்கவேண்டும். முள்ளங்கித் துண்டு வெள்ளையாக இருக்கவேண்டும். மிளகாய் எண்ணெய் சிவப்பாக மிதக்கவேண்டும். கொத்தமல்லியும் பூண்டுத் தழையும் பச்சை மாறாமல் இருக்கவேண்டும். நூடுல்ஸ் மஞ்சளாக இருக்கவேண்டும்.

அந்த ஊரில் இது காலைச் சாப்பாடு. 2007-ம் ஆண்டில் விலை ஏறியபோது, நகர அதிகாரிகள் இதற்கு உச்ச விலையே நிர்ணயித்தார்கள்!

இழுப்பது ஒரு வித்தை. பிசைந்த மாவைக் கயிறு போல் உருட்டி, இரு கையாலும் இழுப்பார்கள். இரண்டாக மடித்து, மீண்டும் இழுப்பார்கள். ஒன்று இரண்டாகும். இரண்டு நாலாகும். எட்டு முறை மடித்தால் 256 இழை!

முடி போல் மெல்லியதாகவும் கேட்கலாம். பட்டையாகவும் கேட்கலாம். கை மாறினால் இழையும் சிறிது மாறும். அது குற்றம் அல்ல. சாறு கெடுவது தான் குற்றம்.

பிழைக்கப் போனவர்கள்

வெளியூர்களில் இந்தக் கடைகளை நடத்துவோரில் பெரும்பாலோர் லாஞ்சோக்காரர்கள் அல்ல. பக்கத்து மாகாணமான சிங்ஹாயில், ஹுவாலோங் என்ற மலைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அது ஏழை மண்.

1980-களின் கடைசியில் அவர்கள் பிழைப்புத் தேடிக் கிளம்பினார்கள். கடலோர நகரமான சியாமெனுக்குப் போய்க் கடை வைத்தார்கள். அண்ணன் கடை வைத்தால் தம்பியை அழைத்துக் கொண்டான். மாமன் போனால் மருமகனும் போனான். இப்படியே ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன.

இத்தனை கடைக்கும் ஒரு முதலாளி கிடையாது. குடும்பத்துக்கு ஒரு கடை. பிறகு ருசி எப்படி ஒன்றாக இருக்கும்?

தங்கள் ஊரின் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. லாஞ்சோவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்தப் பெயரை மாட்டினார்கள்.

"எங்கள் பெயரில் வேறு எதையோ விற்கிறார்களே!" என்பது லாஞ்சோ மக்களின் வருத்தம்.

எது நியாயம்?

மாவு இழுக்கும் வித்தை எந்த ஊருக்கும் தனிச் சொத்து அல்ல. மாவையும் உழைப்பையும் நம்பிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்களை "போலி" என்று ஏசுவது நியாயம் ஆகாது.

ஆனால் ஊரின் பெயர் என்பது கடன் வாங்கிய பொருள். அந்தக் கடனை முறையாகத் தீர்க்கவேண்டும். ஐந்து அடையாளத்தையும் காப்பாற்றினால் கடன் தீர்ந்தது. காப்பாற்ற முடியாதவர்கள் தங்கள் ஊரின் பெயரையே போடலாம். "சிங்ஹாய் லாமியான்" என்று பலகை வைத்த கடைகளும் இப்போது இருக்கின்றன. அது தான் நேர்மையான வழி. ருசி நன்றாக இருந்தால், அந்தப் பெயரும் புகழ் பெறும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆயிரம் பானைக்கு ஒரே பெயர் வைத்தால், எந்தச் சோற்றைப் பதம் பார்ப்பது? கெட்ட பானை ஒன்று இருந்தாலும், நல்ல பானைகளுக்கும் கெட்ட பெயர் வரும்.

பசியோடு வரும் தொழிலாளி பலகையைப் படிக்கிறார். அதை நம்பி உள்ளே வருகிறார். உழைத்த காசைக் கொடுக்கிறார். பலகையில் எழுதியது அவருடைய கிண்ணத்தில் இருக்கவேண்டும்.