உயிரி எரிசக்தி மானியம் ஆலைவாசலோடு நின்றுவிடக் கூடாது: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

தூத்துக்குடி மாவட்டத்தில் விறகு, விவசாயக் கழிவு கொண்டு நடக்கும் எரிசக்தித் தொழிலுக்கு அரசு மானியம் வேண்டும் என்பதே எங்கள் சங்கத்தின் கருத்து. அது இன்று கொடுக்கப்படும் முறையை நாங்கள் ஏற்கவில்லை.

மத்திய அரசு 2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தின் முதல் கட்டத்துக்கு 858 கோடி ரூபாய் ஒதுக்கியது. விறகையும் கழிவையும் அழுத்தி எரிபொருள் கட்டியாக்கும் பெல்லட், பிரிக்கெட் ஆலை வைப்பவருக்கு மணிக்கு 1 டன் உற்பத்தித் திறனுக்கு 9 லட்சம், அதிகபட்சம் 45 லட்சம் ரூபாய் மானியம் என்றது அந்த அறிவிப்பு. அது எந்திரத்துக்கான பணம். ஆலை ஓடுவதும் பூட்டப்படுவதும் விறகு விலையில் இருக்கிறது.

விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் பக்கம் வந்து பாருங்கள். கண்மாயிலும் தரிசிலும் சீமைக்கருவேல் அடர்ந்து கிடக்கிறது. பார்ப்பவருக்கு அது சும்மா கிடைக்கும் விறகு. அரிவாள் பிடிப்பவருக்குத்தான் தெரியும், செருப்பைத் துளைத்து ஏறும் முள்ளும், வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க வேண்டிய அவசரமும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டு நின்றுவிடும். இருக்கிற விறகும் ஈரமாகிவிடும். இதே மரத்துக்குக் கரிமூட்டக்காரர்களும் செங்கல் சூளைக்காரர்களும் போட்டி போடுகிறார்கள். புதிய ஆலை வந்தால் விலை ஏறும். ஆலை நொடித்தால் முதலில் கூலியை இழப்பவர் வெட்டுகிறவர்.

திரட்டும் வேலைக்கும் அரசு உதவியது உண்டு. வைக்கோல் எரிப்பைத் தடுக்க, பஞ்சாப், ஹரியானா உள்ளிட்ட வட மாநிலங்களில் வைக்கோலைத் திரட்டும் எந்திரங்களின் விலையில் 65 சதவீதத்தை அரசே தரும் என்று 2023இல் விதி வந்தது. எங்கள் கரிசல் காட்டுக்கும் அப்படியொரு உதவி ஏன் கூடாது?

அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 2025-26 முதல் 7 சதவீதம் உயிரி எரிபொருள் சேர்க்க வேண்டும் என்றது மத்திய மின்துறை 2023இல் வெளியிட்ட கொள்கை. 210 மெகாவாட் அலகுகள் ஐந்தோடு அமைந்த தூத்துக்குடி அனல்மின் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே நிற்கிறது. உள்ளூரில் திரட்டும் ஏற்பாடு இல்லாவிட்டால் எரிபொருளும் கப்பலில்தான் வரும். இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையம் அரசு ஆதரவோடு அமெரிக்காவிலிருந்து மரப் பெல்லட்டுகளை இறக்கி எரிக்கிறது. அந்த வழி நமக்கு வேண்டாம்.

ஆகவே மானியத்தில் ஒரு பகுதியை, வந்து சேரும் உலர்ந்த விறகின் எடைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். வெட்டுகிறவருக்குக் குறைந்தபட்சக் கூலி அதிலேயே உறுதியாக வேண்டும். மரத்தைத் தூரோடு பிடுங்கினால்தான் முழுத் தொகை. மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும். சீமைக்கருவேலை நட்டு வளர்க்க ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது. பனையும் கடலோர அலையாத்தி மரங்களும் எந்த எரிபொருள் பட்டியலிலும் இடம்பெறக் கூடாது.

அடுத்த கட்டத் திட்டத்தை வகுக்கும்முன் மத்திய, மாநில அரசு அதிகாரிகள் கண்மாய்க் கரையில் விறகு வெட்டுகிறவர்களை நேரில் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.