பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்னால்

மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர் அவர்களுக்கு,

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தங்கள் அலுவலர்கள் கிழக்குக் கடற்கரை நெடுக விசைப்படகுகளை ஆய்வு செய்கிறார்கள். பதிவுச் சான்று, படகின் நீளம், எஞ்சினின் குதிரைத்திறன், உயிர்காப்புக் கருவிகள் என்று வரிசையாகப் பார்க்கப்படுகின்றன. வரிவிலக்கு டீசல் தொடர்ந்து கிடைப்பதும் அந்த ஆய்வை ஒட்டியதுதான். அந்த டீசல் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போய்ச் சேரும் வழியையும் அதே ஆய்வில் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடல். பழைய எஞ்சின்களில் டீசல் பம்ப் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பம்ப்பின் கோளாறே அல்ல என்பது என் வாதம்.

டீசல் எஞ்சின் கடலில் திணறி நின்றால் பழி முதலில் பம்ப் மேல்தான் விழுகிறது. கரைக்கு வந்ததும், டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பை மாற்றுகிறார்கள். அப்படியும் சரியாகாவிட்டால், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் டேங்க் தாழ்ந்திருக்கும் படகில், டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையிலான குழாயில் டீசல் உறிஞ்சித்தான் மேலே இழுக்கப்படுகிறது. அந்தப் பகுதியில் ஒரு ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். பம்ப்புக்கு அப்பால் உள்ள கசிவு எண்ணெய்ப் பிசுக்காகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்பால் உள்ள கசிவு துடைத்து வைத்ததுபோல் காய்ந்தே இருக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாததால் மெக்கானிக் ஏர் எடுத்துவிட்டுப் போகிறார், எஞ்சின் ஓடுகிறது, மறுநாள் மறுபடி ஏர் பிடிக்கிறது. ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷரையே திரும்பப் போட்டு முடுக்கியதுகூட இதற்குப் போதும். டீக்காசு விலையுள்ள வாஷருக்காக ஒரு பம்ப் முழுதாக மாற்றப்படுகிறது.

டேங்கின் உள்ளேயும் காரணங்கள் உண்டு. பாதி காலியாகக் கிடக்கும் டேங்கில் இரவுக் குளிரில் நீர் கோத்து அடியில் தங்கும். டீசலும் நீரும் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சளிபோல் படியும். இரண்டு மாதம் படகைக் கட்டிப்போடும் தடைக்காலம் இதற்கு நல்ல வாய்ப்பு. துறைமுகத்துக்குள் எஞ்சின் சீராக ஓடும்; வெளியே போய்ப் படகு ஆடத் தொடங்கியதும் அடிமண்டி கலங்கி, உறிஞ்சுகுழாயின் வாயை அடைக்கும். டேங்கின் காற்றுக்குழாய் அடைத்துக்கொண்டால் கதை வேறு. உள்ளே வெற்றிடம் கூடிக்கொண்டே போய், சிறிது நேரம் ஓடி எஞ்சின் நிற்கும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட, எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். இவை எதற்கும் பம்ப் பொறுப்பல்ல.

கண்டுபிடிக்கும் வழியும் எளிது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் நிரம்பிய சிறு கேனிலிருந்து கண்ணாடிபோல் தெளிந்த ஹோஸ் வழியாக ஃபீட் பம்ப்புக்கு டீசல் கொடுத்து, படகைக் கட்டியபடியே லோடில் ஓட்டிப் பார்க்க வேண்டும். லோடு முக்கியம், ஐடிலில் எந்த நோஞ்சான் பம்ப்பும் தாக்குப்பிடிக்கும். எஞ்சின் சீராக ஓடினால் பம்ப்பைத் தொட வேண்டாம், குற்றவாளி டேங்க் பக்கம் இருக்கிறது. அப்போதும் திணறினால் புது ஃபில்டர் போட்டுப் பார்த்து, அதன்பின் பம்ப்பைச் சந்தேகிக்கலாம்.

பம்ப் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் ஓட்டும் டயஃப்ரம் பம்ப்பில் ரப்பர் கிழிந்தால் டீசல் கிராங்க்கேசில் இறங்கும். ஆயில் குச்சியில் அளவு ஏறும், ஆயில் நீர்த்து டீசல் வாடை அடிக்கும். இந்த அறிகுறி தெரிந்தபின் எஞ்சினை ஓட்டுவது பேரிங்கைக் கொல்வது. பம்ப்பின் ரப்பர் சீல்களும் கெடலாம். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 தர டீசலில் கந்தகம் மிகக் குறைவு. 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறியபோது பழைய எரிபொருளில் ஊறிய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிந்தன. நம் பழைய எஞ்சின்களின் சீல்களையும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைச் சந்தேகத்தின் பேரில் பிரிப்பது கூடாது. அதன் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். உப்புக்காற்றில் படகுமேடையில் வைத்துத் திறந்தால் நல்ல பம்ப்பும் கெடும்.

எஞ்சின் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு, துறைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாக் நீரிணையில் எஞ்சின் நின்ற படகு காற்றும் நீரோட்டமும் தள்ளும் பக்கம் போகிறது; 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு அங்கே தொலைவில் இல்லை. கோட்டைத் தாண்டியபின் எஞ்சின் பழுது என்று சொல்வது விளக்கமாக மட்டுமே நிற்கும். பிடிபட்ட மீனவரை மீட்கக் கடிதம் எழுதும் அரசு, அந்த ஹோஸை முன்பே பார்ப்பது செலவு குறைந்த வேலை. பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்க உதவினால் போதாதா என்பது அடுத்த கேள்வி, சற்று வலுவானதும்கூட. புதிய எஞ்சினையும் அதே டேங்கில், அதே குழாயில்தான் இணைப்பார்கள். சளி படிந்த டேங்க் புதிய பம்ப்பிடம் மட்டும் கருணை காட்டாது. மெக்கானிக்குகள் உதிரிபாகம் விற்கவே பம்ப்பை மாற்றுகிறார்கள் என்ற பேச்சு எனக்கு உடன்பாடில்லை. நாளை கடலுக்குப் போயாக வேண்டும் என்று நிற்கும் உரிமையாளர் முன் சோதித்துப் பார்க்க மெக்கானிக்குக்கு நேரம் கிடைப்பதில்லை. பாகத்தை மாற்றுவதே அவருக்குப் பாதுகாப்பு.

இதைப் பார்க்க ஆள் இல்லை என்ற காரணமும் நிற்காது. மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட் கடல் எஞ்சின் ஃபிட்டர்களைப் பயிற்றுவிக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர்களின் மாணவர்களைத் தடைக்காலத்தில் ஓரிரு துறைமுகங்களுக்கு, மண்டபத்துக்கும் நாகைக்குமாவது, அனுப்பலாம். டேங்கின் அடிநீர் வடிப்பது, காற்றுக்குழாய், ஹோஸ், வாஷர் பார்ப்பது, கேன் வைத்து ஓட்டிப் பார்ப்பது, முடிவை ஆய்வுப் படிவத்தில் எழுதுவது என்ற அளவில் தொடங்கட்டும். முதல் வருடம் இந்தச் சோதனையில் தேறாததற்காக எந்தப் படகின் டீசலையும் நிறுத்த வேண்டாம். நிறுத்துவார்கள் என்று தெரிந்தால் யாரும் டேங்கைத் திறந்து காட்டமாட்டார்கள். வேலையை மே மாதத்துக்குள் முடித்துவிடுவதும் அவசியம். ஜூன் பிறந்தால் வலை ஏற்றவும் ஐஸுக்குச் சொல்லவும் ஓடிக்கொண்டிருப்பார்கள். கழற்றிய ஹோஸுக்குப் புதிது வாங்கிப் போட அப்போது யாருக்கும் பொழுது இருக்காது.