திட்டத்தின் பலனைக் கணக்கிடுவது யார்?

தாணே கடற்கழியின் மேல் 1973இல் பாலம் கட்டப்பட்டபோது, வாஷி ஒரு சதுப்பு நிலத்தின் விளிம்பு. இன்று வானளாவிய கட்டடங்களும் மொத்தச் சந்தைகளும் நிறைந்த நகரம். இதைப் பார்த்ததும் நவி மும்பைத் திட்டம் வெற்றி என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால், கட்டடங்களை எண்ணுவது திட்டத்தை மதிப்பிடுவதாகாது.

1970இல் சிட்கோ நிறுவனம் அமைக்கப்பட்டபோது சொல்லப்பட்ட நோக்கம், பம்பாயின் நெரிசலைக் குறைப்பது. 20 லட்சம் மக்களுக்கு ஒரு புது நகரம் என்பது குறிக்கோள். வெங்காய, உருளைக்கிழங்குச் சந்தை 1981இல் வாஷிக்கு வந்தது. பிற சந்தைகளும் பின்தொடர்ந்தன. மின்சார ரயில் வந்ததோ 1992இல்தான். அரசின் தலைமைச் செயலகம் கடைசிவரை தென் மும்பையை விட்டு நகரவில்லை. 1971இல் சுமார் 60 லட்சமாக இருந்த பெருநகரின் மக்கள்தொகை 2011இல் 1 கோடியே 24 லட்சமாயிற்று.

அப்படியானால் திட்டம் தோல்வியா? அதையும் உடனே சொல்லிவிட முடியாது. வாஷி இல்லாதிருந்தால் நெரிசல் இன்னும் கூடியிருக்கலாம். வாஷிக்குக் குடிவந்தவர்கள் பழைய நகரிலிருந்து வந்தவர்களா, வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்களா? நிலம் கொடுத்த ஆக்ரி, கோலி குடும்பங்கள் முன்பைவிட நன்றாக வாழ்கின்றனவா? 1984இல் உரண் பகுதி விவசாயிகள் போராடித் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த பிறகல்லவா அவர்களின் குறை ஊருக்குக் கேட்டது!

மதிப்பீடு என்பது திட்டம் முடிந்த பிறகு எழுதும் பாராட்டுப் பத்திரம் அன்று. திட்டம் தொடங்கும் முன்பே அதற்கும் திட்டமிட வேண்டும். எந்தக் கேள்விக்கு விடை வேண்டும், யாரைக் கேட்பது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கேட்பது, செலவுக்குப் பணம் எங்கே என்பவற்றை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இந்நாட்டுக்கு இது புதிதன்று. சமூக வளர்ச்சித் திட்டத்தை ஆராய 1952இலேயே மத்திய அரசு தனி மதிப்பீட்டு அமைப்பை நிறுவியது. திட்டத்தை நடத்துபவரே அதன் பலனையும் அளந்தால், அது தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்வது போலாகும்.

இந்தப் பாடம் இன்று தாராவிக்குத் தேவை. அங்கே 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யாருக்கு வீடு என்பதை அறிய அது உதவும். ஆனால், விடியற்காலையில் இட்லி அவித்து மாட்டுங்காவிலும் சயனிலும் விற்கும் தமிழ்க் குடும்பத்தின் இன்றைய வருமானம் என்ன? தோல் பட்டறைத் தொழிலாளி வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறார்? பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்? இவற்றை இப்போதே பதிவு செய்யாவிட்டால், பத்தாண்டுக்குப் பின் "வாழ்வு உயர்ந்தது" என்று எவர் சொன்னாலும் மறுக்கவோ ஏற்கவோ ஆதாரம் இராது.

மாநில அரசு சுதந்திரமான ஒரு குழுவிடம் இப்பொறுப்பை ஒப்படைத்து, அறிக்கைகளைத் தமிழ் உள்பட மக்கள் அறிந்த மொழிகளில் வெளியிட வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் இதை வலியுறுத்த முன்வர வேண்டும். பழைய வீடு இடிந்த பின் அதை அளக்க முடியாது. அளவுநாடாவை எடுக்க வேண்டிய நேரம் இதுவே.