குருவில்லாத காலத்துக் கோவில்



கிராமத்து ஆலயமொன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் தேடுவது அத்திவாரக் கல்லில் பொறிக்கப்பட்ட ஆண்டையே. கட்டிய குருவானவரின் பெயரும், திறந்துவைத்த ஆயரின் பெயரும் அதன்பின் வருகின்றன. இவை பேணப்பட வேண்டியவையே. ஆயினும் எமது பழைய கிராமங்கள் பலவற்றில் விசுவாசத்தின் வரலாறு அந்தக் கல்லுக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகின்றது. யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சில்லாலைக் கிராமம் இதற்கு நல்லதொரு சான்று.

1658ஆம் ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் நாடுகடத்தப்பட்டனர். குரு ஒருவருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் காலத்து ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் கோவில்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. பிள்ளையின் திருமுழுக்கும் மணமக்களின் திருமணமும் அச்சபையிலேயே பதியப்பட வேண்டியிருந்தது. திருப்பலியில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, மரணப் படுக்கையில் எண்ணெய் பூசுவதற்கும் எவருமில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

கோவாவிலிருந்து புறப்பட்ட யோசேவ்வாஸ் அடிகளார், 1687ஆம் ஆண்டு தூத்துக்குடி வழியாக ஏழைக் கூலியாளின் கோலத்தில் இந்நாட்டை வந்தடைந்தார். கத்தோலிக்கர் யார் என்று வெளிப்படையாக வினவ முடியாத சூழ்நிலை. எனவே கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தோர் எவரெனக் கவனித்தார். பின்னர் சில்லாலையைத் தமது மறைவிடமாகக் கொண்டு, இரவு வேளைகளில் வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த குருவின் கழுத்திலிருந்த செபமாலையை அம்மக்கள் எவ்வாறு இனங்கண்டார்கள்? 1658இல் பிறந்த குழந்தை அப்போது பிள்ளைகளைப் பெற்ற தாயாகியிருப்பாள். தன் வாழ்நாளில் ஒரு குருவைக் கண்டிராத அந்தத் தாய்க்கு மங்கள வார்த்தை செபத்தைக் கற்பித்தவர் யார்? அவளுடைய தாயும் தந்தையுமே. விளக்கேற்றிய பின் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் சொல்லப்பட்ட செபமே, ஆலயமற்ற கிராமத்தின் ஆலயமாக விளங்கியது.

அடிகளாரும் இதனை நன்குணர்ந்திருந்தார். ஊர்தோறும் தாம் தங்கியிருக்க இயலாது என்பதனால், பொதுநிலையினரிடமே பொறுப்பை ஒப்படைத்தார். செபங்களை நடத்தவும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கவும் மூப்பரும் அண்ணாவியாரும் நியமிக்கப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் நத்தார் இரவொன்றில் வழிபாட்டுக்குக் கூடியவர்கள் கைதுசெய்யப்பட்டு, அவர்களுட் சிலர் சிறையிலேயே உயிர்நீத்தபோதும் விசுவாசம் அணைந்துவிடவில்லை. 1711ஆம் ஆண்டு கண்டியில் இறைவனடி சேர்ந்த அடிகளாரை, 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அந்தப் பெருவிழாவின் மகிமையில், பெயர் எழுதப்படாத அந்த மூப்பர்களுக்கும் தாய்மாருக்கும் பங்குண்டு. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டு கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியபோது, எமது கிராமங்களில் ஆலயம் எழுப்ப மக்கள் இருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் இவர்களே.

அன்பார்ந்தவர்களே, எமது தலைமுறையும் ஆலயங்களைப் பிரிந்து நின்ற தலைமுறையே. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைத்தையும் விட்டு வெளியேறிய நாட்கள் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. போருக்குப் பின்னர், புலம்பெயர்ந்த உறவுகளின் தாராள உதவியுடன் கிராமங்கள் பலவற்றில் ஆலயங்கள் புதுப்பொலிவு பெற்றுள்ளன. இது நன்றிக்குரியது. ஆனால் கோபுரம் உயர்ந்த ஊரில், மாலை வேளையில் எத்தனை வீடுகளில் செபமாலை ஒலிக்கின்றது? மறைக்கல்வியை ஞாயிறு ஆசிரியரிடமும், செபத்தைக் குருவானவரிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் ஓய்ந்திருக்கிறோமா? நாளை மீண்டும் முப்பது ஆண்டுகள் குருவின்றிக் கழியுமாயின், எமது பேரப்பிள்ளைகள் செபமாலையைக் கண்டு முகம் மலர்வார்களா?

இரு பணிகள் எம் கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன. ஒன்று, இன்றிரவே குடும்பமாக முழந்தாளிட்டு ஒரு பத்து மணியாவது செபிப்பது. மற்றையது, உங்கள் ஊரின் முதியவரிடம் சென்று, முன்னாளில் மூப்பராக இருந்தவர் யார், சங்கிடுத்தாராக மணியடித்தவர் யார், ஓலைக் கொட்டிலாக இருந்த கோவிலுக்குக் கல் சுமந்தவர்கள் யார் எனக் கேட்டு எழுதிவைப்பது. ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது பழைய கல்லையும் பழைய திருமுழுக்குப் பதிவேட்டையும் எறிந்துவிடாதீர்கள்.

அத்திவாரக் கல்லில் இடம்பெறாத அப்பெயர்களை இறைவன் அறிவார். எங்கள் பிள்ளைகளும் அறிந்துகொள்ளட்டும். புனித யோசேவ்வாஸ் அடிகளாரின் பரிந்துரையால் எமது இல்லங்கள் மீண்டும் செபவீடுகளாகத் திகழ்வதாக.